மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கும் ஊசி உண்டு

எங்கள் தெருவில் ஆறு வீட்டில் நாய் இருக்கிறது. அதில் நான்கு, யாரோ விட்டுப்போன குட்டியாக வந்து வாசலிலேயே தங்கிவிட்டவை. சும்மா வந்த நாய்க்குக் காசு கொடுத்து ஊசி போடுவதா என்று இந்த வீடுகள் தயங்குகின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியார் கிளினிக்கில் ஒரு குட்டிக்கு முதல் ஆண்டு ஊசி எல்லாவற்றையும் போட்டு முடித்தால், டாக்டர் ஃபீஸும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். ஆனால் அந்த ஊசிகளில் ஒன்றை அரசே இலவசமாகப் போடுகிறது. அதைத் தெரிந்துகொண்டால், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதும் தெளிவாகும்.

அந்த ஒன்று வெறிநோய்த் தடுப்பூசி. ரேபிஸ் ஊசி என்றால்தான் எல்லோருக்கும் புரியும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்கள், மருத்துவமனைகள், பன்முக மருத்துவமனைகள் ஆகியவற்றில், இருப்பில் இருக்கும்போது, இதை இலவசமாகப் போடுகிறார்கள். நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அதே இடம்தான். பெயரைப் பார்த்து, அங்கே ஆடு மாடு கோழிக்கு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய. நாய் பூனைக்கும் பார்ப்பார்கள்.

அரசு ஏன் நம் நாய்க்கு ஊசி போடவேண்டும்? நாய் மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதனானாலும் நாயானாலும் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. மனிதர்களுக்கு வரும் வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியால் வருவது. ஓர் ஊரில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து ஊசி போட்டுவந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2030க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை 2021 செப்டம்பர் 28 அன்று மத்திய அரசு வெளியிட்டது. ஆகவே இலவச ஊசி கேட்டுப் போகிறவர் கூச்சப்பட வேண்டியதில்லை. அவர் தன் தெருவுக்கும் சேர்த்துத்தான் ஒரு வேலை செய்கிறார்.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு எதுவும் தேவையில்லை. உங்கள் பெயர், முகவரி, போன் எண், நாயின் வயது, நிறம் இவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். காலை வேளையில் போவது நல்லது. பிற்பகலில் டாக்டர் கிராமங்களுக்கு மாடு பார்க்கக் கிளம்பியிருக்கலாம். நாய்க்குச் சங்கிலியும் வாய்க்கு ஒரு கட்டும் அவசியம். வாய்மூடி இல்லையென்றால் பழைய துப்பட்டாவோ காட்டன் நாடாவோ போதும். மாடுகள் நிற்கும் இடத்தில் நம் நாய் என்ன செய்யும் என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்க முடியாது.

போனால் உடனே கிடைக்குமா? அங்கேதான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். நானும் ஒருமுறை திரும்பியிருக்கிறேன். ஒரு மருந்தகத்தில் "இன்னைக்கு ஊசி இல்லை, அப்புறம் வாங்க" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை போனபோது அங்கிருந்த உதவியாளரிடமே காரணம் கேட்டேன். இந்தத் தடுப்பூசி ஒரே டோஸ் குப்பியாகவும் வரும், பத்து டோஸ் கொண்ட குப்பியாகவும் வரும். மொத்தமாக வாங்கும் இடங்களில் பெரும்பாலும் பத்து டோஸ் குப்பிதான் இருக்கும். அதைத் திறந்துவிட்டால் நீண்ட நேரம் வைத்திருக்க முடியாது. ஒரே ஒரு நாய்க்காகத் திறந்தால் மீதி ஒன்பது டோஸ் வீண். எனவே குறிப்பிட்ட நாளில், கொஞ்சம் நாய்கள் சேர்ந்த பிறகு போடுகிறார்கள்.

இது தெரிந்த பிறகு எங்கள் தெருவில் ஒரு வழி செய்தோம். முதலில் போனில் "ரேபிஸ் ஊசி இருப்பில் இருக்கா, எந்தக் கிழமை போடுறீங்க" என்று கேட்டோம். அப்புறம் அக்கம்பக்கத்தில் நாய் வைத்திருப்பவர்களிடம் சொல்லி, ஒரே காலையில் எட்டு நாய்களோடு போனோம். மறுபேச்சில்லாமல் குப்பி திறக்கப்பட்டது. லோடு ஆட்டோ வாடகையைப் பங்கு போட்டதில் ஆளுக்கு நாற்பது ரூபாய்தான்.

இதற்கெனத் தனி முகாம்களும் உண்டு. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் நாள். 1885இல் அந்த நாளில்தான் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போடச் செய்தார். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள். உலக வெறிநோய் நாளாக அதை அனுசரிக்கிறார்கள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி, கால்நடைத் துறையும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் இலவச முகாம் நடத்துவது வழக்கம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் கல்லூரி இருக்கிறது. மற்ற நாட்களிலும் கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவு, கூட்டம் அதிகம். கிராமங்களில் நடக்கும் கால்நடை சுகாதார விழிப்புணர்வு முகாமுக்கு நாயைக் கூட்டிப்போனாலும் பார்ப்பார்கள், குடற்புழு மருந்தாவது கிடைக்கும். 1962 என்ற எண் நடமாடும் கால்நடை ஊர்திக்கானது. அவசரத்துக்கு உள்ள அந்த எண்ணில் ஊசிக்காகக் கூப்பிடாதீர்கள்.

முதல் ரேபிஸ் ஊசி குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும். அதற்கு முன்னால் முகாமில் போட்டிருந்தால் தவறில்லை, ஆனால் மூன்று மாதம் முடிந்தபின் மறுபடி போடவேண்டும். அதன்பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. சரி, இலவசம் இதோடு முடிகிறது.

மற்றது நம் பையிலிருந்து போகும் செலவு. செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்றெல்லாம் சொல்லும் கூட்டுத் தடுப்பூசிதான் அது. டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்கள், நாய்களுக்கு வரும் கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கு ஒரே ஊசியில் பாதுகாப்பு. அரசு மருந்தகத்தில் இது பொதுவாக இருக்காது. வெளியில் ஒரு டோஸ் ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை ஆகும். ஊருக்கு ஊர் மாறும். இதைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். பார்வோ வந்த குட்டி ரத்தமாகப் பேதி போகும், தண்ணீர்கூட உள்ளே தங்காது. நாலைந்து நாள் டிரிப் ஏற்றினாலும் பிழைக்கும் என்று உறுதி இல்லை. அதற்கு ஆகும் செலவில் மூன்று குட்டிக்கு ஊசி போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் முதலில் வந்த குட்டி அப்படித்தான் போனது.

வழக்கமான அட்டவணைப்படி ஆறு அல்லது எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு வாரம் ஆகும்வரை. ஏன் இத்தனை முறை? தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் இருக்கும். அது இருக்கும்வரை போட்ட ஊசியையும் முறியடித்துவிடும். அது எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்று சொல்ல முடியாததால் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பதினாறு வாரத்துக்குள் பெரும்பாலான குட்டிகளுக்குத் தீர்ந்துவிடும்.

பணம் இல்லாதவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ஒரே ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அதைப் பதினாறு வாரத்திலோ அதற்குப் பிறகோ போடுங்கள் என்பது உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். நம் ஊரில் நடப்பது நேர்மாறு. குட்டி வந்த ஆசையில் ஆறு வாரத்தில் ஒன்று போட்டுவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். "ஊசி போட்டும் பார்வோ வந்துடுச்சு" என்று பிறகு புலம்புகிறவர்களில் பலர் இப்படிச் செய்தவர்கள்தான். இரண்டு ஊசிக்குக் காசு இருந்தால் எட்டு வாரத்தில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பிரிப்பது என் கணக்கு. உங்கள் டாக்டரிடம் நிலைமையை வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவரே பிரித்துத் தருவார். ஊசி முடியும்வரை குட்டியைத் தெருவில் விடாமல் வைத்துக்கொள்ளக் காசு தேவையில்லை. பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும்.

ஆறு மாத வயதிலோ ஓராண்டிலோ பூஸ்டர் போட்டபின், டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்பதே அந்தச் சங்கத்தின் நிலை. எலிக்காய்ச்சல் பகுதிக்கு மட்டும் ஆண்டுதோறும் வேண்டும். எலி, தேங்கிய நீர் நிறைந்த நம் ஊர்களில் அதை விடமுடியாது. இங்கே எல்லாம் ஒரே ஊசியாக வருவதால் டாக்டர்கள் வருடாவருடம் கூட்டு ஊசியே போடுகிறார்கள். கொரோனா ஊசி என்று தனியாக ஒன்றைச் சேர்த்தால், அது நாய்களின் குடலைப் பாதிக்கும் வேறொரு கொரோனாவுக்கானது. தேவையில்லை என்று தயங்காமல் சொல்லலாம். இருமலுக்கான ஊசி, நாயை விடுதியில் விட்டுப்போகிறவர்களுக்கு.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஓர் இடம் உண்டு. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டியது. கடையில் மலிவாக வாங்கி, பாலித்தீன் பையில் போட்டு வெயிலில் பைக்கில் கொண்டுவந்து, தெரிந்த பையனைவிட்டுப் போடச் சொன்னால், அது தண்ணீரைக் குத்துவதற்குச் சமம். மருந்தை வெளியில் வாங்கிவரச் சொன்னால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுபோங்கள். போட்டபின் குப்பி மேல் உள்ள ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்த அட்டை இல்லையென்றால் போட்ட ஊசிக்குச் சான்று இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. ஊசி போட்ட நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். மனிதர்களுக்கான ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்தான்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆண்டுக்கு 50 ரூபாய், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ரேபிஸ் ஊசிச் சான்று, முகவரிச் சான்று, உங்கள் படம், நாயின் படம் கேட்பார்கள். 2025இல் இதைத் தீவிரமாக்கி, அடையாளத்துக்காக நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்துவதையும் சேர்த்தார்கள். உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தார்கள். திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் உள்ளன. சிறப்பு முகாம் நடக்கும் நாளில் போனால் ஊசி, சிப், உரிமம் மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துவிடலாம். உரிமம் ஓராண்டுக்குத்தான், ரேபிஸ் ஊசியும் ஓராண்டுக்குத்தான். இரண்டையும் ஒரே மாதத்தில் வருகிறமாதிரி வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஒருமுறை ஆட்டோ பிடித்தால் போதும்.