நாலு விரல் தூரத்தில் ஒரு ஒலிவாங்கி

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஏதாவது தொடர்மாடி வீட்டில், பின்னேரம் ஆறு மணிக்கு யன்னலைச் சாத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் போனில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். கரையோர ரயில், காகங்கள், சூன் பாண் ஓட்டோவின் மெட்டு, தலைக்கு மேல் ஃபான். காது நாள்தோறும் ஒதுக்கிவிடுகிற சத்தமெல்லாம் ஹெட்ஃபோனில் வரிசையாக வந்து நிற்கும். வீட்டில் பாட்டோ பேச்சோ பதிய முதல் மைக் வாங்கப் புறப்படும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

கடையில் முன்னால் வருவது இரண்டு வகை மைக்: கண்டென்சர், டைனமிக். "கண்டென்சர் எல்லாச் சத்தத்தையும் இழுக்கும், டைனமிக் குரலை மட்டும் எடுக்கும்" என்பார்கள். பாதிதான் சரி. எது குரல், எது ஃபான் என்று எந்த மைக்குக்கும் தெரியாது. கண்டென்சர் குரலுக்குத் தரும் அதே உணர்திறனைத்தான் ஃபானுக்கும் தருகிறது. எந்தத் திசை ஒலியை எவ்வளவு எடுக்கும் என்ற திசைப்பாங்கு ஒன்றாகவுள்ள இரண்டு மைக்கையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவைச் சமப்படுத்தினால், அறைச் சத்தமும் ஏறக்குறையச் சமமாகவே வரும். வித்தியாசத்தை உண்டாக்குவது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடும். அறையெங்கும் பரவிக் கிடக்கும் சத்தம் கூடாது. 20 சென்ரிமீற்றரிலிருந்து 5 சென்ரிமீற்றருக்கு வந்தால் 12 டெசிபெல் இலாபம்.

அப்படியென்றால் பார்க்க வேண்டியது, எந்த மைக் வாயை அவ்வளவு கிட்ட விடும் என்பதைத்தான்.

டைனமிக்கில், ஒலி பட்டு அதிரும் மெல்லிய தகடான மென்றகட்டோடு செப்புக் கம்பிச் சுருள் ஒட்டியிருக்கும். ஒலி தள்ளத் தள்ள அது காந்தப் புலத்துக்குள் முன்பின்னாக அசைந்து மின்னை உண்டாக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல்தான். சுருளின் பாரத்தால் மிக நுண்ணிய அதிர்வுக்கு அது சோம்பல். பாடகர்கள் பாவிக்கும் டைனமிக்கான ஷூர் எஸ்எம்58 15,000 ஹேர்ட்ஸ் வரைதான் போகும். ஆனால் கிட்ட வந்து பாடுவதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள்: மூச்சைத் தடுக்க வலைக்குள்ளே நுரை, கிட்ட வரும்போது ஊதிப்போகும் கீழ்ச்சுருதியை முன்கூட்டியே குறைத்து வைத்த அமைப்பு.

கண்டென்சரின் கதை வேறு. சில மைக்ரோன் தடிப்பில் உலோகம் பூசிய மென்றகடும், அதன் பின்னால் ஒரு தட்டும் சேர்ந்து மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்ளளவி ஆகின்றன. இடைவெளி மாற மாற மின்னழுத்தம் மாறும். சுருளின் பாரம் இல்லாததால் வயலின் வில்லின் உரசல்கூடத் தெளிவாகக் கேட்கும். அதே காரணத்தால் மூச்சுக் காற்றில் நிலைகுலையும். மூச்சை மறிக்கும் வலையான பொப் ஃபில்டர் வைத்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும். அந்த ஒரு சாணுக்குள் ஃபான் நுழைந்துவிடும்.

இன்னொரு சிக்கல் கொழும்புக் காற்று. கண்டென்சரின் தலைப்பகுதி மிக உயர்ந்த மின்தடையில் வேலை செய்வதால், அதில் ஈரப் படலம் படிந்தாலே மின்னேற்றம் கசிந்து, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சத்தம் வரும். ஏசி அறையில் இருந்த மைக்கை வெக்கையான அறைக்குக் கொண்டுவந்தால் அரை மணித்தியாலம் விட்டுத்தான் மின்னைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மா படியும்.

ஆகவே குரல்தான் முதல் வேலை, அறை சாதாரணப் படுக்கையறை என்றால் டைனமிக். வீணை, வயலின், புல்லாங்குழல் என்றால், இரவில் ஃபானை நிறுத்திப் பதியவும் முடியுமென்றால், கண்டென்சர். பேச்சு மட்டும், ஒருவர் மட்டும் என்றால் கணினியில் நேரே குத்தும் யூஎஸ்பி மைக்கே போதும். இரண்டாவது மைக் தேவைப்படும் நாளில்தான் கை கட்டிப்போகும்.

டைனமிக் வாங்குகிறவர்கள் மறப்பது கெயின், அதாவது மைக் தரும் மெல்லிய மின்னைப் பெருக்கும் அளவு. ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு எஸ்எம்58 தருவது 1.85 மில்லிவோல்ற். ஓடியோ டெக்னிக்கா ஏடி2020 என்ற கண்டென்சர் தருவது 14.1. ஏறக்குறைய 18 டெசிபெல் வித்தியாசம். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ்தான் அதை ஈடுகட்ட வேண்டும். ஷூரின் இன்னொரு டைனமிக்கான எஸ்எம்7பி இன்னும் மெலிவு, 1.12 மில்லிவோல்ற், அதற்கு 60 டெசிபெல் கெயினாவது வேண்டும். மலிவான பெட்டியில் அவ்வளவு திருகினால் குரலோடு இரைச்சலும் ஏறும்.

கண்டென்சருக்கு, இன்டர்ஃபேஸிலிருந்து மைக் கம்பி வழியாகவே போகும் 48 வோல்ற் ஃபாண்டம் மின் வேண்டும். அது மூன்று ஊசியுள்ள எக்ஸ்எல்ஆர் கம்பியின் 2ஆம், 3ஆம் ஊசிகளில் சம அளவில் போவதால், கம்பி சரியாக இருந்தால் டைனமிக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முனையில் எக்ஸ்எல்ஆரும் மறுமுனையில் சிறிய ஜாக்கும் உள்ள கம்பியால் லாப்டொப்பில் நேரே குத்துவதுதான் வீண்வேலை: கண்டென்சர் பேசவே பேசாது, டைனமிக் முணுமுணுக்கும்.

எஸ்எம்58க்குப் போலிகள் நிறைய. புறக்கோட்டையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் சமையலறைத் தராசில் வையுங்கள். அசலின் எடை 298 கிராம். எடை சரியென்பதால் மட்டும் அசலாகிவிடாது; நிறையக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி அறை. இங்கே பெயர் சொன்ன மைக்குகள் கார்டியோயிட் என்ற திசைப்பாங்கு உள்ளவை: காது முன்பக்கம், செவிடு நேர் பின்பக்கம். பாடுகிறவர் யன்னலைப் பார்த்து நிற்கட்டும். மைக்கின் வால் யன்னலுக்கு நேராக வரும். அவருடைய முதுகுக்குப் பின்னால் உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து விடுங்கள், அல்லது தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். பலர் பஞ்சை மைக்கின் பின்னால் ஒட்டுகிறார்கள். மைக் பார்ப்பதோ பாடுகிறவரின் தோளுக்கு மேலால் தெரியும் வெறும் சுவரை. பக்கவாட்டில் வரும் ஒலி 6 டெசிபெல்தான் குறையும் என்பதால், உச்சியில் ஓடும் ஃபானை மைக் தடுக்காது. ஒரு பல்லவி பதியும் நேரத்துக்கு நிறுத்துவதே வழி.

தூரம் நாலு விரல். மைக்கை வாயின் நேர் முன்னால் வைக்காமல் உதட்டோரத்துக்குச் சற்றே திருப்புங்கள். பகரத்தின் காற்று விலகிப் போகும். தமிழ்ப் பகரம் ஆங்கிலப் பகரம் அளவுக்கு மூச்சைத் தள்ளுவதில்லை, அது நமக்கு ஒரு சலுகை. ஆகச் சத்தமான வரியைப் பாடவைத்து, அளவுமானி உச்சத்துக்கு 10 டெசிபெல் கீழே நிற்கும்படி கெயினை வைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.