‘செலக்ட்’ போட்டால் தீர்ந்துவிடுமா?

லினக்ஸின் மையமான கெர்னலில், ஒரு வன்பொருளை இயக்கும் புதிய டிரைவர் சேர்க்கும் பேட்ச் (திருத்தத் தொகுப்பு) வந்தால், சி நிரலைப் படிப்பதற்கு முன்பு, எது எதைச் சார்ந்து கெர்னலில் சேரும் என்று எழுதிவைக்கும் கேகான்ஃபிக் கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். பெரும்பாலும் பக்கத்து டிரைவரிலிருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள். நிரலுக்கு மாதக்கணக்கில் உழைத்தவர் இந்தப் பத்து வரிக்குப் பத்து நிமிடம்கூடத் தந்திருக்க மாட்டார். மற்றவர்கள் கெர்னலைக் கட்டும்போது அது உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு டிரைவருக்கு மூன்று நிலைகள் உண்டு. கெர்னலுக்குள்ளேயே சேர்ந்திருப்பது ‘ஒய்’, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூலாக இருப்பது ‘எம்’, அறவே இல்லாதது ‘என்’. நம்மில் பலர் இதை ‘உண்டு, இல்லை’ என்று இரண்டாகவே மனத்தில் வைத்திருக்கிறோம். நடுவில் இருக்கும் அந்த ‘எம்’தான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஒரு நெட்வொர்க் கார்டின் டிரைவரை எடுத்துக்கொள்வோம். நேரத்தைத் துல்லியமாக ஒத்திசைக்க அது பிடிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறைக்கான கெர்னல் அடுக்கை அழைக்கிறது. பிடிபி இல்லாவிட்டாலும் கார்டு ஓடும். அந்த ஒரு வசதி மட்டும் கிடைக்காது. எழுதியவரின் கணினியில் இரண்டுமே மாட்யூல்கள் என்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. வேறொருவர் கார்டு டிரைவரைக் கெர்னலுக்குள் வைத்து, பிடிபியை மாட்யூலாக விடுகிறார். மாட்யூலுக்குள் இருக்கும் ஃபங்ஷன் கெர்னல் உருவாகும் நேரத்தில் கைக்கு எட்டாது. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் ‘அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்’ என்று நின்றுவிடுகிறது. ‘ஹெடர் கோப்பில் பிடிபிக்குப் பதிலாக வெற்று ஃபங்ஷன் வைத்திருக்கிறார்களே’ என்று கேட்கலாம். அது பிடிபி ‘என்’ ஆக இருக்கும்போது மட்டுமே உதவும். ‘எம்’ ஆக இருந்தால் ஹெடரில் உள்ள ‘ஈஸ்-எனேபிள்டு’ சோதனை, பிடிபி உண்டு என்றே சொல்லும். வெற்று ஃபங்ஷன் ஒதுங்கிக்கொள்ளும்.

பிழை அறிக்கை வந்தவுடன் பலரும் எழுதுவது ஒரே வரி: ‘செலக்ட்’. பிழை மறைந்துவிடுகிறது, சில வாரங்களில் இன்னொரு இடத்தில் முளைக்கிறது. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். காரணம் எளியது. ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்பது நிபந்தனை: அது இருந்தால்தான் இது. ‘செலக்ட்’ என்பது கட்டாயம்: இது இருந்தால் அதுவும் இருந்தே ஆக வேண்டும். கட்டாயப்படுத்தப்படும் விருப்பத்துக்கு (கேகான்ஃபிக்கில் தேர்ந்தெடுக்கும் ஒவ்வோர் அம்சமும் ஒரு விருப்பம்) அதற்கே உரிய சார்புகள் இருந்தாலும் ‘செலக்ட்’ அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ‘அன்மெட் டைரக்ட் டிபெண்டன்சீஸ்’ என்று ஓர் எச்சரிக்கை மட்டும் திரையில் ஓடும். வேலை நின்றுவிடாததால் அதை யாரும் படிப்பதும் இல்லை.

‘செலக்ட்’ கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெனுவில் பயனருக்குத் தெரியாத, நூலகம் போன்ற விருப்பங்களுக்கு அதுவே சரியான வழி. ஐ2சி என்ற இணைப்புத் தடம் வழியாகப் பேசும் ஒரு சென்சாரின் டிரைவர் ரெக்மேப்-ஐ2சி என்ற நூலகத்தை ‘செலக்ட்’ செய்யலாம். ஆனால் ரெக்மேப்-ஐ2சி, ஐ2சியைச் சார்ந்தது. ஆகவே டிரைவரும் ‘டிபெண்ட்ஸ் ஆன் ஐ2சி’ என்று தன் பங்குக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் வைத்து வரும் பேட்ச்களுக்குப் பஞ்சமே இல்லை. பயனர் தானே தேர்ந்தெடுக்கக்கூடிய ஒரு விருப்பத்தைச் சிலர் ‘செலக்ட்’ செய்வதும் வேறு சிலர் சார்ந்திருப்பதும் இன்னும் மோசம். என்றாவது ஒரு நாள் சார்புகள் வட்டமாகச் சுற்றி, கேகான்ஃபிக்கே பிழை சொல்லும்.

சரி, பிடிபிக்கு என்ன எழுதுவது? ‘டிபெண்ட்ஸ் ஆன் பிடிபி || !பிடிபி’.

இதைப் பார்த்தவுடன் ‘எப்போதும் உண்மைதானே, எதற்கு இந்த வரி?’ என்று நீக்கிவிடத் தோன்றும். நீக்கியும் இருக்கிறார்கள். கேகான்ஃபிக்கின் கணக்கு வேறு. ‘என்’ 0, ‘எம்’ 1, ‘ஒய்’ 2. இரட்டைக் கோடு இரண்டில் பெரியதை எடுக்கும். ஆச்சரியக்குறி 2-இலிருந்து கழிக்கும். பிடிபி 0 என்றால் எதிர்மறை 2, ஆகவே விடை 2. டிரைவர் எந்த நிலையிலும் இருக்கலாம். பிடிபி 2 என்றாலும் அப்படியே. பிடிபி 1 என்றால் எதிர்மறையும் 1, விடையும் 1. டிரைவர் மாட்யூலுக்கு மேல் போக முடியாது. நமக்கு வேண்டியது இவ்வளவுதான். இதே வேலைக்கென்று பிடிபியில் ‘ஆப்ஷனல்’ என்று முடியும் தனி விருப்பமே பிறகு சேர்க்கப்பட்டது. நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்கள் அதையே சார்ந்திருப்பது நல்லது.

‘ஈஸ்-ரீச்சபிள்’ என்ற மேக்ரோவைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டாத ஃபங்ஷனை அழைக்காமல் தவிர்த்துவிடும், கம்பைல் ஆகிவிடும். ஆனால் பிடிபி மாட்யூலை ஏற்றி வைத்திருக்கும் பயனருக்கு ஏன் வசதி கிடைக்கவில்லை என்பது கடைசிவரை புரியாது. அதற்குக் கம்பைல் பிழையே எவ்வளவோ மேல்.

அனுப்பும் முன் சோதிக்க ஆல்-எஸ்-கான்ஃபிக், ஆல்-மாட்-கான்ஃபிக் என்ற ஆயத்த அமைப்புகள் இரண்டையும் ஓட்டிவிட்டு நிம்மதியடைபவர்கள் கவனிக்க: முன்னதில் டிரைவர், பிடிபி இரண்டும் உள்ளே, பின்னதில் இரண்டும் மாட்யூல். ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்ற கலவை இரண்டிலும் வராது. அதைப் பிடிப்பது ராண்ட்-கான்ஃபிக். விருப்பங்களைக் குலுக்கிப் போட்டு ஒரு கலவையைத் தரும், அதைக் கட்டிப் பார்க்க வேண்டும். குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணைக் குறித்து வைத்தால் அதே கலவையைத் திரும்பவும் உருவாக்கலாம். இன்டெல் நடத்தும் சோதனை ரோபோவும் இப்படிக் குலுக்கித்தான் பல பிழைகளைக் கண்டு மின்னஞ்சல் அனுப்புகிறது.

டிரைவர் எழுதாமல், கெர்னலைக் கட்டி மட்டும் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு செய்தி. கான்ஃபிக் கோப்பில் கையால் ஒரு வரி சேர்த்து, அந்தக் கோப்பைச் சரிபார்த்துப் புதுப்பிக்கும் ஓல்டு-டெஃப்-கான்ஃபிக் ஓட்டினால், சார்பு நிறைவேறாத வரியை அது சத்தமில்லாமல் தூக்கிவிடும். எனவே கட்டத் தொடங்கும் முன் அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் விருப்பங்களைப் பட்டியலாகக் காட்டும் மெனு-கான்ஃபிக்கைத் திறந்து சாய்கோட்டை அழுத்தி, விருப்பத்தின் பெயரைக் கொடுங்கள். அது எதைச் சார்ந்திருக்கிறது, எவை அதை ‘செலக்ட்’ செய்கின்றன, ஒவ்வொன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் ஒரே திரையில் வந்துவிடும்.