கடலுக்கு இறங்கும் பாதையில் இத்தனை ஏற்றம் எங்கிருந்து வந்தது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நண்பர்களோடு ஒரு மலைத்தொடரைத் தாண்டிக் கடற்கரை வரை ஐந்து நாள் சைக்கிளில் போகத் திட்டம். கூடாரம், துணிமணி எல்லாம் சைக்கிளிலேயே. கிளம்பும் இடம் 900 மீட்டர் உயரம், போய்ச் சேர்வது கடல் மட்டம். ஒரே பாதையை மூன்று ஆப்களில் போட்டுப் பார்த்தேன். மொத்த ஏற்றம் ஒன்றில் 4,200 மீட்டர், இன்னொன்றில் 5,100, மற்றொன்றில் 6,300. எதை நம்புவது?"

இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் ஏற 981 கிலோஜூல் வேண்டும். பள்ளியில் படித்த நிலையாற்றல் கணக்குதான். கால்கள் விடாமல் 150 வாட் கொடுத்தால் 1 மணி 49 நிமிடம். டயர் உராய்வும் காற்றின் தடையும் இதில் சேரவில்லை. ஆக, முதல் ஆப்புக்கும் மூன்றாவது ஆப்புக்கும் இடையில் கிட்டத்தட்ட நான்கு மணி நேர மிதி ஒளிந்திருக்கிறது. இறங்கும்போது அது திரும்பக் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் அந்த ஆற்றலில் பெரும்பங்கு பிரேக்கில் சூடாகப் போய்விடும். 1,000 மீட்டர் இறக்கத்தில் கைவிட்டுப் போகும் 981 கிலோஜூல், சுமார் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும்.

சரி, ஆப்புக்கு உயரம் எப்படித் தெரியும்? அது அந்தச் சாலையில் போனதில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றியது. ஓடத்தில் ஒரு ரேடார் ஆண்டெனா, அதிலிருந்து 60 மீட்டர் நீட்டிய கம்பத்தின் நுனியில் இன்னொன்று. இரண்டும் கேட்ட எதிரொலிகளின் வித்தியாசத்திலிருந்து உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்துக்கு உயரம் கணக்கிட்டார்கள். அந்தத் தரவு இன்று யாருக்கும் இலவசம். வானத்தில் எதற்குக் காசைக் கொட்டுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அந்தப் பதினொரு நாள் வேலையை வைத்து இருபத்தைந்து ஆண்டுகளாக வெள்ள வரைபடம் போடுகிறோம், சைக்கிள் பாதையும் போடுகிறோம்.

ஆனால் அந்தத் தரவு நிலத்தைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கிறது. ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் இலைக்கூரையிலேயே திரும்பிவிடும். 45 டிகிரிச் சரிவில் வெட்டிய சாலை வரைபடத்தில் பத்து மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் உயரமும் பத்து மீட்டர் மாறும். சுரங்கப்பாதை என்றால் ஆப் உங்களை மலை உச்சி மேலேயே ஏற்றி இறக்கும்.

இந்தப் பிழைகள் கூட்டியும் குறைத்தும் வருபவை, ஒன்றையொன்று அடித்துவிடாதா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மேசை மாதிரி தட்டையான 60 கிலோமீட்டர் சாலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் 2,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் உயரத்தை ஒரு மீட்டர் கூட்டிக் குறியுங்கள், பூ விழுந்தால் ஒரு மீட்டர் குறைத்து. எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் பிழை ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் மொத்த ஏற்றம் என்பது சராசரி அல்ல. அது ஏறியதை மட்டும் கூட்டும், இறங்கியதைத் திரும்பியே பார்க்காது. பூவுக்கு அடுத்துத் தலை விழும்போதெல்லாம் இரண்டு மீட்டர் ஏற்றம். அப்படி விழ நான்கில் ஒரு வாய்ப்பு. 2,000-ல் நான்கில் ஒரு பங்கு 500, அதை இரண்டால் பெருக்கினால் 1,000 மீட்டர். தட்டையான சாலையில், வெறும் நாணயத்தைச் சுண்டியே ஒரு மலை ஏறிவிட்டோம்! புள்ளிகளை நெருக்கமாக வைத்தால் மலை இன்னும் வளரும்.

இதைத் தடுக்க ஒவ்வொரு ஆப்பும் தன் வழியில் மேடுபள்ளங்களைச் சமன்செய்கிறது. ஒன்று பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி எடுக்கும், ஒன்று சில மீட்டருக்குக் குறைந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ளாது. அப்போது போலி மேடுகளோடு நிஜ மேடுகளும் அழிந்துவிடும். கடற்கரைச் சாலையில் ஓடை வருமிடமெல்லாம் நாலு மீட்டர் இறங்கி நாலு மீட்டர் ஏற வேண்டியிருக்கும். அப்படி நூறு இருந்தால் 400 மீட்டர், உங்கள் தொடைக்குத் தெரியும், ஆப்புக்குத் தெரியாது.

எல்லைகளின் நீளத்தை ஆராய்ந்த லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் கண்டதும் இதே சிக்கலைத்தான். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான ஒரே எல்லை ஒரு பதிவில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214. அளவுகோல் சிறிதாகச் சிறிதாக, நெளிவுகள் கூடுதலாகப் பிடிபட்டு நீளம் கூடுகிறது. மொத்த ஏற்றமும் அப்படித்தான்: சாலையை மட்டும் சொல்லிப் பயனில்லை, எந்தக் கோலால் அளந்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும்.

ஆகவே வாசகருக்கு: ஏதாவது ஓர் ஆப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையோடு முன்பு போன பயணம் ஒன்றை அதிலேயே போட்டு, அது காட்டும் ஏற்றத்துக்கு உங்களுக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று பாருங்கள். அந்த விகிதம் உங்களுடையது, புதுப் பாதைக்கும் பொருந்தும். கூடவே, வரைபடத்தில் ஒவ்வொரு கணவாயின் உயரத்தையும் அதற்கு முந்தைய பள்ளத்தாக்கின் உயரத்தையும் தாளில் எழுதிக் கழித்துக் கூட்டுங்கள். உண்மையான ஏற்றம் அதற்குக் கீழே நிச்சயம் போகாது.

அப்புறம், எந்த ஏற்றக் கணக்கிலும் வராத ஒன்று காற்று. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, பிற்பகலில் கடல்காற்று உள்ளே வீசும். பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் மலையை நோக்கியே போகும். கடலுக்கு இறங்குபவருக்கு இரண்டுமே எதிர்க்காற்று. கடைசி நாள் விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள். நான் ஒருமுறை, இறக்கம்தானே என்று மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினேன். இறக்கத்திலும் மிதித்து மிதித்துக் கரையை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நாலு நாளாகக் காத்திருந்த கடல் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.