விமானத்துக்கு ஒரு புஷ்

பரந்தன் சந்தியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் ஒரு கடைச்சல் பட்டறை இருக்கிறது. சிறுபோகம் அறுக்கிற காலம். உழவு இயந்திரத்தின் முன்னச்சுக்குப் புஷ் ஒன்று (தண்டு ஏறும் உலோகக் குழல்) கடைந்துகொண்டிருந்த அண்ணையிடம், "இதிலை எவ்வளவு பிழைச்சால் பரவாயில்லை?" என்று கேட்டேன். மெஷினை நிற்பாட்டாமலே சொன்னார்: "தம்பி, கையாலை தள்ள ஏறவேணும். ஏறினாப் பிறகு ஆட்ட ஆடக்கூடாது."

துளைக்கும் தண்டுக்கும் உள்ள பொருத்தத்தைப் பற்றிப் பொறியியல் நூல்கள் அட்டவணை அட்டவணையாகச் சொல்வது இதைத்தான். அவர் கடைந்த புஷ் அந்த உழவு இயந்திரத்தில் பல போகம் ஓடும். ஆனால் அதே கை, அதே கவனத்தோடு விமானத்துக்கு ஒரு புஷ் கடைந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். ஏன் வாங்கமாட்டார்கள், வாங்கவைக்க என்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

வன்னியில் என் தலைமுறைக்கு விமானம் என்றால் முதலில் சத்தம். சத்தம் கேட்டால் பதுங்குகுழி. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பேசுவது ஆட்களை ஏற்றிப் பறக்கும் பயணிகள் விமானங்களைப் பற்றி மட்டும். அந்த வானத்துக்கு இங்கிருந்து ஒரு பாகமாவது போகவேண்டும் என்பது எனக்கு வெறும் வியாபார ஆசை இல்லை.

பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் இத்தாலியில் நேப்பிள்ஸுக்கு அருகே செய்யப்படுகிறது. சிறகுகள் பிரான்ஸின் போர்தோவில். எஞ்சின் கனேடியக் கம்பனியினுடையது. எல்லாம் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் ஒன்றுசேர்கின்றன. பெரிய விமானங்களில் இந்தப் பங்கீடு இன்னும் விரியும். போயிங் 747 ஒன்றில் ஏறத்தாழ 60 இலட்சம் பாகங்கள். அவற்றில் பாதியளவு ரிவெட், போல்ட் போன்ற இணைப்பாணிகள். இத்தனையையும் ஒரே கம்பனி செய்யாது. மேலே விமானத்தை வடிவமைத்து விற்பவர். அவருக்குக் கீழே முழுச் சிறகு, முழுக் கதவு என்று செய்து கொடுப்பவர்கள். அவர்களுக்கும் கீழே, அனுப்பப்படும் வரைபடத்தின்படி ஒரு தாங்கியையோ ஒரு புஷ்ஷையோ வெட்டிக் கொடுக்கும் சிறு தொழிற்சாலைகள். புதிதாக வருபவருக்கு வாசல் இந்தக் கடைசிப் படியில்தான்.

வேலையும் குவிந்து கிடக்கிறது. எயார்பஸ் 2024 இல் 766 விமானங்களைக் கையளித்தது. அந்த ஆண்டு முடிவில் கையளிக்க மீதியிருந்தவை 8,658. அதே வேகத்தில் செய்தால் பதினொரு ஆண்டுக்கு மேற்பட்ட வேலை. வேகம் கூடாததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, கீழ்ப்படிகளிலிருந்து பாகங்கள் நேரத்துக்கு வந்து சேராமை.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம். விமான வரைபடத்தில் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை இருக்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் 'எச் 7' என்று எழுதியிருந்தால், துளை 100 மில்லிமீற்றரிலும் சிறுக்கக்கூடாது. பெருத்தாலும் 35 மைக்ரோமீற்றருக்கு மேல் பெருக்கக்கூடாது. 35 மைக்ரோமீற்றர் என்பது தலைமயிரின் தடிப்பில் பாதியளவு. கணினி இயக்கும் நல்ல மெஷின் இதை வெட்டிவிடும். அளப்பதில்தான் சிக்கல்.

ஒரு பொருளின் நீளம் என்று நாம் சொல்வது, உண்மையில் 20 பாகை செல்சியஸில் அதன் நீளம். 1931 இல் அளவைகளுக்கான சர்வதேசக் குழு எடுத்த முடிவு அது. கிளிநொச்சியில் ஆவணி மாத மத்தியானம் பட்டறைக்குள் 33 பாகை சர்வசாதாரணம். அலுமினியம் ஒவ்வொரு பாகைக்கும் மீற்றருக்கு ஏறத்தாழ 23 மைக்ரோமீற்றர் நீளும். 13 பாகை கூடினால் ஒரு மீற்றர் அலுமினியத் துண்டு 0.3 மில்லிமீற்றர் நீண்டுவிடும். அளக்கிற கருவியும் அதே சூட்டில்தானே இருக்கிறது, அதுவும் நீளாதா என்று கேட்கலாம். நீளும். ஆனால் அது உருக்கு. அலுமினியத்தின் பாதியளவுதான் நீளும். மிச்சப் பாதி அளவீட்டுப் பிழையாக நிற்கும். நம்முடைய 100 மில்லிமீற்றர் துளையில் அந்தப் பிழை 15 மைக்ரோமீற்றர். அனுமதித்த 35 இல் கிட்டத்தட்டப் பாதியை வெயில் தின்றுவிடுகிறது. வெட்டியவர் தன் அளவுப்படி சரியாக வெட்டியிருந்தாலும், துலூஸில் குளிர் அறைக்குள் வைத்து அளக்கிறவர் பெட்டியைத் திருப்பி அனுப்பக்கூடும்.

அதனால் 20 பாகையில் நிற்கும் அளவீட்டு அறை இந்தத் தொழிலின் அத்திவாரம். துண்டை வெட்டியதும் அளப்பதில்லை. அந்த அறைக்குள் மணிக்கணக்கில் வைத்து, அதன் உட்சூடு இறங்கிய பிறகுதான் அளப்பார்கள்.

கண்மதிப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு நிகழ்வு. 1990 ஜூன் 10, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குப் புறப்பட்ட விமானத்தின் முன்கண்ணாடி ஏறத்தாழ 17,000 அடி உயரத்தில் பிய்ந்து பறந்தது. விமானியின் அரையுடம்பு வெளியே இழுபட்டது. உள்ளே இருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி தரையிறக்கினார். எல்லோரும் உயிர் தப்பினார்கள், அந்த விமானியும்தான். காரணம் போல்ட்டுகள். முந்திய நாள் அதிகாலை கண்ணாடி மாற்றியபோது, கழற்றிய போல்ட் ஒன்றைக் கையில் வைத்துக் கண்ணாலே ஒப்பிட்டுப் புதியவற்றை எடுத்திருக்கிறார்கள். 90 போல்ட்டுகளில் 84 இன் விட்டம் 0.66 மில்லிமீற்றர் சிறியது. கையாலே தள்ள ஏறியிருக்கும்.

அளவுக்கு அடுத்த கேள்வி: உங்கள் வெர்னியர் சொல்வது சரியென்று யார் சொன்னது? பட்டறையின் கருவியை நீளம் பிசகாத அளவுக் கட்டைகளோடு ஒப்பிட்டிருக்கவேண்டும். அந்தக் கட்டைகளை அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வுகூடம் ஒப்பிட்டிருக்கவேண்டும். அந்த ஆய்வுகூடத்தின் கட்டைகள் ஒரு நாட்டின் தேசிய அளவீட்டு ஆய்வுகூடத்தில் லேசர் ஒளியோடு ஒப்பிடப்பட்டிருக்கவேண்டும். அங்கே மீற்றர் என்பது ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 299,792,458 இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம். 1983 இலிருந்து அப்படி. பரந்தன் பட்டறையின் ஒரு வெர்னியரிலிருந்து ஒளியின் வேகம் வரைக்கும் அறாத ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு காலாவதித் திகதி. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

அளவு மட்டும் போதாது. உலோகத்தின் உள்ளுக்குள் என்ன நடந்தது என்பதும் தெரியவேண்டும். இதற்கு ரிவெட்டை விட நல்ல உதாரணம் இல்லை. விமானத் தகடுகளை இணைக்கும் அலுமினிய ரிவெட் வகை ஒன்றை, அடிக்கும் நேரம் வரைக்கும் குளிர்பெட்டிக்குள் ஐஸ் போல வைத்திருப்பார்கள். வெளியே எடுத்தால் இருபது நிமிடமளவில் அடித்து முடிக்கவேண்டும். பிந்தினால் அது இறுகிப்போகும். அடித்தால் தலை வெடிக்கும்.

கருப்பநீர் காய்ச்சிக் கற்கண்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். சூடான பாகில் நிறையச் சீனி கரைந்திருக்கும். ஆறவைத்தால் அவ்வளவும் கரைசலில் தங்க இடமில்லை. நாட்கணக்கில் மெல்ல மெல்லத் திரண்டு கட்டியாகும். அந்த ரிவெட்டின் அலுமினியத்தில் ஏறத்தாழ 4 வீதம் செப்பு இருக்கிறது, கொஞ்சம் மக்னீசியமும். 495 பாகையளவில் சூடாக்கினால் திண்மமாக இருந்தபடியே செப்பு முழுதும் அலுமினியத்துக்குள் கரைந்துவிடும். உடனே தண்ணீரில் போட்டால் செப்பு அணுக்கள் ஓட நேரமில்லாமல் இருந்த இடத்தில் அகப்பட்டுக்கொள்ளும். அப்போது ரிவெட் மெத்தென்றிருக்கும். அறைச் சூட்டில் விட்டால் அந்த அணுக்கள் ஊர்ந்து ஒன்றையொன்று தேடிக் குட்டிக் குட்டித் தட்டுகளாகத் திரளும்.

திரண்டால் ஏன் இறுகுகிறது? உலோகம் வளைவது அணு அடுக்குகள் வழுக்குவதால். முழு அடுக்கும் ஒரேயடியாக வழுக்காது. விரித்த பாயில் ஒரு மடிப்பைத் தள்ளிக்கொண்டு போவதுபோல, ஒரு குழப்பக் கோடு நகர்ந்து நகர்ந்து போகும். பாய்க்கு அடியில் கற்கள் கிடந்தால் மடிப்பு தடக்கி நிற்கும். செப்புத் திரட்டுகள்தான் அந்தக் கற்கள். 1906 இல் ஜேர்மனியில் அல்பிரட் வில்ம் இந்த இறுகலை முதலில் கண்டபோது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1938 இல்தான் கினியேயும் பிரெஸ்டனும் தனித்தனியே எக்ஸ் கதிரால் அந்தத் திரட்டுகளைக் கண்டார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தத் திரட்டுகளைக் காணாமலே அந்த உலோகத்தில் விமானம் செய்து பறந்தார்கள்.

குளிர்பெட்டி அணுக்களின் ஊர்தலை மெதுவாக்குகிறது. கரண்ட் போனால்? 2022 இல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டோம். பெட்டி சூடாகி மறுபடி குளிர்ந்தால், ரிவெட்டைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எடை அதே, அளவு அதே, மினுக்கமும் அதே. பெட்டியின் வெப்பநிலைப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி.

இப்படி வெளியே தெரியாத வேலைகளை விமானத்துறை தனியே பிரித்து வைத்திருக்கிறது: சூட்டுப் பதனிடல், முலாம் பூசல், ஒட்டல், வெடிப்புத் தேடல். இவற்றுக்கு 'நாட்கேப்' என்ற தனிச் சான்று வேண்டும். பொதுவான தர முறைமைக்கு ஏ.எஸ். 9100, ஐரோப்பாவில் அதுவே ஈ.என். 9100. நாம் அறிந்த ஐ.எஸ்.ஓ. 9001 மேல் விமானத்துறை தன் நிபந்தனைகளைக் கட்டி எழுப்பியது அது.

வெடிப்புத் தேடும் முறை ஒன்று மிக அழகானது. மழை பெய்து சீமெந்து நிலம் காயும்போது பாருங்கள்: எல்லா இடமும் காய்ந்த பின்னும் வெடிப்பு மட்டும் ஈரக் கோடாகத் தெரியும். அதே தத்துவம். ஒளிரும் சாயத் திரவத்தைப் பாகத்தில் பூசினால் மயிர்த்துளை விசையால் அது வெடிப்புக்குள் ஏறிக்கொள்ளும். மேற்பரப்பைக் கழுவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவி, இருட்டறையில் ஊதா கடந்த ஒளியில் பார்த்தால், உள்ளே ஒளிந்திருந்த சாயம் பொடியில் ஊறி ஒரு பச்சைக் கோடாக மின்னும். பார்க்கிறவர் கவனமாக இருக்கவேண்டும். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிற்றியில் விழுந்த டி.சி. 10 விமானத்தின் எஞ்சின் தட்டு இந்தச் சோதனையைக் கடந்து வந்ததுதான். வெடிப்பு இருந்தது, கண்ணில் படவில்லை. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வெடிப்பின் மூலம் எங்கே என்று தேடியபோது, பதினேழு, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த டைட்டேனியத்தை உருக்கியபோது சேர்ந்த ஒரு சிறு குறை வரைக்கும் போனார்கள். அதே உருக்கில் பிறந்த மற்றத் தட்டுகளையும் பதிவேடுகளை வைத்துத் தேடிப்பிடித்து எடுத்தார்கள்.

விமானத்துறையில் வாங்குபவர் காசு கொடுப்பது இந்தப் பதிவுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். உலோகத்தை வெட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு பாகத்தின் பிறப்பிலிருந்து இன்றுவரை நடந்த எல்லாவற்றையும் தாளில் காட்டக்கூடியவர்கள் கொஞ்சம் பேர். புதிய பாகம் ஒன்றை முதன்முதல் செய்யும்போது வரைபடத்திலுள்ள ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து எழுதிக் கொடுக்கவேண்டும். சின்னத் தாங்கி ஒன்றுக்கே அது பல பக்கம் வரும்.

கடல் கடந்தால் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் 1988 அளவில் எயார்பஸ் 320 இன் பயணிகள் கதவுகளோடு தொடங்கியது. இன்று அதே நகரத்திலிருந்து சிறகு மடல்களைத் தாங்கும் பாகங்கள் போகின்றன. எயார்பஸ் இந்தியாவில் வாங்குவது ஆண்டுக்கு 100 கோடி டொலரைத் தாண்டிவிட்டது. ஓசூர், கோயம்புத்தூர், சேலம் பட்டறைகளும் இந்த வரிசையில் நிற்கின்றன. தமிழில் பேசிக்கொண்டே மைக்ரோமீற்றர் அளக்கும் ஆட்கள் பாக்குநீரிணைக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. நம் பிள்ளைகள் பழக முதலில் போகவேண்டிய இடம் அது.

இங்கே என்ன இருக்கிறது? அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். அதன் அயலிலேயே இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம். தனித்தனிப் பட்டறைகள் 20 பாகை அறை கட்டமுடியாது. இந்த இடத்தில் பொதுவாக ஒன்று கட்டி, முப்பரிமாண அளவீட்டு மெஷின் ஒன்றையும் வைத்து, பட்டறைகளுக்கு மணித்தியாலக் கட்டணத்தில் கொடுக்கலாம். இது என் விருப்பம்.

ஆனால் வன்னியிலிருந்து முதலில் பறக்கப்போவது உலோகம் இல்லாமலும் இருக்கலாம். கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் பிசகாத கைகள் ஏராளம். விமான இருக்கை உறையும் தைப்பதுதான். அதற்கு நெருப்புச் சோதனை உண்டு: துணியைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு 12 செக்கன் தீச்சுவாலை பிடிப்பார்கள். எடுத்த பின் 15 செக்கனுக்குள் அணையவேண்டும். எரிந்த நீளம் 20 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. அதேபோல விமான வயர்க்கட்டுகள் இன்றும் பெரும்பாலும் பலகையில் வைத்துக் கையாலேயே கட்டப்படுகின்றன. பெரிய எயார்பஸ் 380 ஒன்றில் ஓடும் வயரின் நீளம் 500 கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு போகிற தூரத்தை விட அதிகம்.

இதெல்லாம் அண்ணையிடம் சொன்னபோது அவர் மெஷினை நிற்பாட்டினார். "அப்ப இதுக்கும் ஒரு தாள் எழுதிப் பாப்பம்" என்றார். கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்தோம். பாகம்: முன்னச்சுப் புஷ். திகதி போட்டோம். அறைச் சூடு 33 பாகை. வெளிவிட்டம், உள்விட்டம், நீளம், ஒவ்வொன்றையும் மூன்று தரம் அளந்து எழுதினோம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்து வந்தன. பிறகு, இரும்பு எங்கிருந்து வந்தது என்ற வரி.

"அது பழைய இரும்புக் காரரிட்டை வாங்கினது" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அவர் எங்கை எடுத்தாரோ."

அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டுப் பேனையை மூடினோம்.