பழைய இடக்கை கிட்டாரில் வால்யூம் பாட்டைக் கழற்றும் முன்

களியக்காவிளையில் நான் கிட்டார் பழுது பார்க்கும் மேசைக்கு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்தும் இந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலிருந்தும் கருவிகள் வரும். கொண்டுவருவோரில் பெரும்பாலோர் தேவாலயப் பாடகர் குழுவினர். இடக்கை கிட்டார் வருவது அரிது. பழைய இடக்கை கிட்டார் அதனினும் அரிது. வந்தவற்றில் முன்பே யாராவது கைவைத்திருப்பது மட்டும் அரிதல்ல.

சென்ற இடவப்பாதி மழைக்காலத்தில், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவர் 1970-களின் இடக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மின்கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். "கொஞ்சம் திருப்பினாலே அலறுதுன்னு ஒரு கடையில வால்யூம் பாட்டை மாத்தினேன் அண்ணே, இப்பவும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

பாட் என்பது குமிழைத் திருப்பினால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை. அவர் மாற்றிய பாட் பழுதாகியே இருந்திருக்காது. டேப்பர் என்பது திருப்பத் திருப்ப மின்தடை ஏறும் வளைவு. வழக்கமான ஆடியோ டேப்பர் பாட், வலப்பக்கமாகப் பாதி திருப்பும் வரை மின்தடையில் பத்தில் ஒரு பங்கையோ சற்று அதிகமாகவோ மட்டுமே கடந்து, மீதியைப் பின்பாதியில் கடக்கும். நம் காதுக்கு அதுவே சீரான ஏற்றம். இடக்கைக்காக அதன் இரு ஓரக் கால்களை இடம் மாற்றி ஈயம் வைத்தால் அந்த வளைவு தலைகீழாகி, முதல் கால் சுற்றிலேயே ஒலி பெரும்பாலும் எழுந்துவிடும். பழைய இடக்கை கிட்டார்கள் பலவற்றின் இயல்பு இது. புதிதாகப் போட்டதும் அதே வகைப் பாட் என்பதால் குறை தீரவில்லை; தேவைப்பட்டது எதிர்த்திசை டேப்பர் பாட்.

எனக்கு வருத்தம் கழற்றிய பாட்டைக் கடையிலேயே எறிந்துவிட்டது பற்றித்தான். அதன் உலோகக் கூட்டில் 1377412 போன்ற எண் அச்சாகியிருக்கும்: 137 என்பது பாட்டைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனம், 74 ஆண்டு, 12 வாரம். பாட் பிறந்த பிறகே கிட்டார் பிறந்திருக்க முடியும் என்பதால், வயதைச் சொல்லும் நல்ல சாட்சி அது.

வாங்கும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிறவி இடக்கை ஸ்ட்ராட்டில் டிரெமோலோக் கைப்பிடியின் (சுருதியை அசைக்கும் நெம்புகோல்) துளை மெல்லிய கம்பிகளின் பக்கம் இருக்கும். பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) அருகிலுள்ள பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) அந்த முனையே பிரிட்ஜுக்கு நெருக்கமாகச் சாய்ந்திருக்கும். இரண்டும் நேர்மாறாக இருந்தால், ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததுபோல் வலக்கை கிட்டாரைத் திருப்பிக் கம்பி மாட்டியது. கிப்சன் நிறுவன வகையிலோ, சாய்வாக நிற்கும் பிரிட்ஜ் தண்டுகளுக்கு அருகே, இடக்கைக்கு மாற்றியபோது பழைய துளையை மரக்குச்சியால் அடைத்த வட்டம் தெரிகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் இரும்புக்கம்பி) மட்டும் இடக்கைக்கென்று மாறுவதில்லை. வலப்பக்கம் திருப்பினால் இறுகும்.

அந்த ஸ்ட்ராட்டில் டோன் (ஒலித்தன்மை) பாட்கள் இரண்டும் தப்பியிருந்தன. அவற்றின் ஈயத்தைச் சுரண்டாமல், வால்யூமுக்கு மட்டும் எதிர்த்திசைப் பாட் வைத்துக் கொடுத்தேன்.