பஷ்கிர் பெயரடையை ரஷ்ய மொழி வழியாகக் கற்க வேண்டாம்

உரால் மலைத்தொடரின் தென்பகுதியில், ஊஃபாவைத் தலைநகராகக் கொண்ட பஷ்கோர்தோஸ்தான் குடியரசில் வழங்கும் துருக்கியக் குடும்பத்து மொழி பஷ்கிர். 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 11.5 லட்சம் பேர் இந்த மொழி தங்களுக்குத் தெரியும் என்று பதிந்தார்கள். அழியும் ஆபத்தை நோக்கிப் போகக்கூடிய மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ இதைச் சேர்த்திருக்கிறது. 2018-இல் ரஷ்யக் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து, பள்ளியில் பஷ்கிர் படிப்பது பெற்றோரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஊஃபாவில் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களோ மொழியியல் ஆர்வலர்களோ இதைக் கற்கத் தொடங்கினால், கையில் கிடைக்கும் பாடநூல் பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான் இருக்கும். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ரஷ்ய மொழியில் பெயரடை, தான் தழுவும் பெயருக்கேற்பப் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் உருமாறும். ஆகவே ரஷ்ய மாணவருக்கு எழுதிய பாடம், பஷ்கிர் பெயரடை மாறாது என்பதையே பெரிய செய்தியாக விளக்கும். தமிழருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல மனிதர், நல்ல மனிதர்கள், நல்ல மனிதர்களுக்கு என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் யக்ஷி கெஷெ, யக்ஷி கெஷெலேர், யக்ஷி கெஷெலேர்கே என்கிறார்கள். யக்ஷி கடைசிவரை யக்ஷிதான். தமிழர் தடுக்கி விழும் இடங்கள் வேறு.

முதலில் ஒலிப்பு. பஷ்கிர் 1940 முதல் சிரிலிக் எழுத்தில் எழுதப்படுகிறது. ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளோடு தனக்கென 9 எழுத்துகள் சேர்த்து மொத்தம் 42. அந்த ஒன்பதில் ஒன்று, 'அது' என்னும்போது நாம் ஒலிக்கும் மென்மையான த. ரஷ்யர்கள் தனியாகப் பழக வேண்டிய இந்த ஒலி நமக்குப் பிறந்ததிலிருந்தே வாயில் இருக்கிறது. சிவப்பு என்ற கிதில், நீளமான என்ற ஒதொன் ஆகிய சொற்களைத் தமிழ் படிப்பதுபோலவே படித்தால் போதும். பெரிய என்ற பொருளில் வரும் 'துர்' மட்டும் கவனம்: சொல்லின் முதலில் நின்றாலும் இதே மென்மையான த-தான். கீழே சொல்லின் நடுவே ஒற்றை க, த வந்தால் மென்மை, க்க, த்த வந்தால் வன்மை. சொல் முதலில் வரும் ப எல்லாம் 'பஸ்' என்பதன் ப. ஏ என்று எழுதியிருப்பதை 'பேங்க்' என்பதில் வரும் ஏ போலக் குறுக்கி ஒலிக்க வேண்டும். ஒ, உ இரண்டுக்கும் பஷ்கிரில் இரண்டு வகை உண்டு: ஒன்று நம்முடையது, இன்னொன்று உதட்டைக் குவித்தபடியே நாக்கை 'இ' சொல்லும் இடத்துக்கு முன்னே தள்ளிச் சொல்வது. இந்த இரண்டாவது வகைக்குத் தமிழில் எழுத்தில்லை, காதால்தான் பிடிக்க வேண்டும்.

பெயரடையை இலக்கணத்தில் ஸிஃபத் என்கிறார்கள். இறைவனின் பண்புகளைக் குறிக்கத் தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் அதே அரபுச் சொல்தான். ஒரு சொல் ஸிஃபத்தா என்று பார்க்க 'நிந்தேய்?' என்று கேட்டுப் பார்க்கலாம். எப்படிப்பட்டது என்று பொருள்.

ஒப்பிடும்போது

'இன்னும் அதிகம்' என்பதைக் காட்ட ரக் அல்லது ரேக் விகுதி சேரும். சொல்லில் அ, ஒ, உ போன்ற பின்னுயிர்கள் இருந்தால் ரக், ஏ, எ போன்ற முன்னுயிர்கள் இருந்தால் ரேக். யக்ஷி, யக்ஷிரக் (இன்னும் நல்ல). சொல் மெய்யில் முடிந்தால் இடையில் ஓர் உயிர் ஏறும்: மத்துர் (அழகான), மத்துரிரக்; யேஷ் (இளைய), யேஷெரேக்; ஒதொன், ஒதொனொரக். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒதொன் என்பதில் ஒ இருப்பதால் ஏறும் உயிரும் ஒ ஆகிறது. அதைப் பார்த்துவிட்டு மத்துர் என்பதில் உ இருக்கிறதே என்று 'மத்துரொரக்' என்று எழுதுவது முதல் தவறு. உதடு குவியும் இசைவை ஒ மட்டுமே இழுத்து வரும், உ இழுக்காது. அதனால்தான் துர் என்பதும் துரிரக் ஆகிறது. இரண்டாவது தவறு, இறுதி மெய்யை அப்படியே விட்டுவிடுவது. அக் (வெள்ளை) அகிரக் ஆகும், பெயெக் (உயரமான) பெயெகெரேக் ஆகும். உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட க மென்மையாகிவிடுகிறது. தமிழில் 'அகம்' என்று எழுதினால் தானாக நடப்பதுதான், ஆனால் அவர்கள் அதற்கு வேறு எழுத்தைப் போட்டு எழுத வேண்டும். எழுத்தில் மாற்ற மறந்தால் பிழை.

எதைவிட என்று சொல்ல, ஒப்பிடப்படும் பெயர் நீங்கல் பொருள் தரும் வேற்றுமையை ஏற்கும். ஊஃபா, ஸ்டெர்லிதமாக் நகரத்தைவிடப் பெரியது என்பதற்கு: ஒஃபொ ஸ்தேர்லெத்தமக்தன் துரிரக். 'ஸ்டெர்லிதமாக்கிலிருந்து வந்தேன்' என்றாலும் அதே தன்தான். ரஷ்ய வழியில் வருபவருக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய விதி. நன்னூல் படித்தவருக்கு இது ஐந்தாம் வேற்றுமை: 'நீங்கல் ஒப்பு எல்லை ஏதுப் பொருளே'. மலையின் வீழ் அருவி என்பதில் நீங்கலாகவும், தேனினும் இனிது என்பதில் ஒப்பாகவும் ஒரே 'இன்' நிற்கிறதே, அதே வேலை. தேனினும் இனிது என்பதையே அவர்கள் 'பல்தன் தத்லி' என்கிறார்கள். பல் என்றால் தேன், தத்லி என்றால் இனிய. ரக் கூட வரவில்லை பாருங்கள். வேற்றுமை இருந்தால் விகுதியில்லாமலும் ஒப்பு விளங்கும்.

இன்னொரு வழியும் உண்டு. நான்காம் வேற்றுமைக்குப் பின் 'கரகந்த' என்று சேர்ப்பது. பார்க்கும்போது என்று பொருள். நாம் 'அதைப் பார்க்கிலும் இது மேல்' என்கிறோமே, அதே சிந்தனை. 'போன ஆண்டைப் பார்க்கிலும்' என்பது போன்ற செய்தித்தாள் வாக்கியங்களில் இதை அதிகம் காணலாம்.

ஒப்பிட எதுவுமே இல்லாமல் ரக் தனியே வந்தால் 'சற்று' என்ற பொருள் வரும். யாராவது துரிரக் என்று மட்டும் சொன்னால் 'கொஞ்சம் பெரிசு' என்றும் கொள்ளலாம். எல்லாவற்றிலும் மேலானது என்பதற்கு முன்னால் 'இங்' வரும், மிகவும் என்பதற்கு 'பிக்'. தென் உராலில் இங் பெயெக் தவ், அதாவது மிக உயர்ந்த மலை, யமன்தவ். உயரம் சுமார் 1,640 மீட்டர். அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு பெயரடை இருக்கிறது: யமன் என்றால் தீய, தவ் என்றால் மலை.

ஊர்ப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் பிரித்துப் பார்ப்பது பெயரடை படிக்க நல்ல வழி. ரஷ்யர்கள் பெலாயா என்னும் ஆறு பஷ்கிரில் அகிதெல். அக், இதெல் இரண்டும் சேர்ந்தது, வெள்ளாறு. மேலே சொன்ன க மென்மையாதல் இந்தப் பெயரிலேயே நடந்திருக்கிறது. ஊஃபா ஆற்றின் பெயர் கரிதெல்: கரா என்றால் கறுப்பு. யஙவில் என்ற நகரம் யஙி, அவில் என்ற இரு சொற்கள் சேர்ந்தது; புதிய ஊர், நம் புதூர்.

நிறங்களில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும்

தமிழில் செக்கச்செவேல், பச்சைப்பசேல், புத்தம்புதிது என்று சொல்லை இரட்டித்து அழுத்தம் கொடுக்கிறோம். பஷ்கிரிலும் சொல்லின் முதல் மெய்யையும் உயிரையும் எடுத்து, ப் என்று மூடி, பிறகு முழுச் சொல்லையும் சொல்கிறார்கள். கிப்-கிதில் (செக்கச்சிவந்த), அப்-அக் (வெள்ளைவெளேர்), கப்-கரா (கன்னங்கரிய), ஹப்-ஹரி (மஞ்சள்மஞ்சேர்), யப்-யஙி (புத்தம்புதிய). பச்சைக்கு ப் வராமல் ம் வரும்: யேம்-யேஷெல். எழுதும்போது நடுவில் சிறுகோடு கட்டாயம். பஷ்கிர்ச் சொற்களில் அழுத்தம் வழக்கமாகக் கடைசி அசையில் விழும். இந்த இரட்டைச் சொற்களில் அது முன்துண்டுக்கு வந்துவிடும். கடைசியில் அழுத்திச் சொன்னால் கேட்பவருக்கு வேகம் தெரியாது. 'பிக் அப்-அக்' என்று சொல்லக் கூடாது, ரக் விகுதியும் சேர்க்கக் கூடாது. 'ரொம்பச் செக்கச்செவேல்' என்று நாமும் சொல்ல மாட்டோம்.

நிறம் மங்கினால் வேறு விகுதிகள். கிதில், கித்கில்த் (சிவப்போடிய) ஆகும்: சொல்லின் கடைசி 'இல்' உதிர்ந்துவிடுகிறது. ஹரி, ஹர்கில்த் (மஞ்சளோடிய). ஆனால் அக் என்பதற்கு அக்ஹில் (வெளுத்த). எந்த நிறத்துக்கு எது என்று பொது விதி தேடாமல், நிறத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்கள்

'நன்றாகப் படிக்கிறாள்' என்பதில் நாம் ஆக சேர்க்கிறோம். பஷ்கிரில் எதுவும் சேர்க்க வேண்டாம்: யக்ஷி உக்கிய். அழகாகப் பாடுகிறாள்: மத்துர் யிர்லய். 'ஆக'வுக்கு ஈடான விகுதியைத் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. பெயரடையை வினைக்கு முன் வைத்தாலே அது வினையடை.

இளையவர்கள், நல்லவர்கள் என்று சொல்ல நமக்கு 'அவர்' வேண்டும். அங்கே பெயரடையே பன்மை ஏற்கும்: யேஷ்தேர் (இளைஞர்கள்), யக்ஷிலர் (நல்லவர்கள்). உயிருக்குப் பின் லர், ஷ் போன்ற வல்லொலிக்குப் பின் தர் அல்லது தேர் என்பதைக் கவனிக்கவும்.

கல்பாலம், மரவீடு போல் பொருட்பெயர் நேராக ஒட்டும்: தஷ் குப்பெர், அகஸ் ஒய். இதை நம்பி 'பஷ்கொர்த் தெல்' என்று எழுதினால் தவறு. இனப்பெயர் பெயரடை ஆகாது. பின்வரும் பெயர் உடைமை விகுதி பெற்று, பஷ்கொர்த் தெலெ என்று வர வேண்டும்.

உள்ள, இல்லாத என்பவற்றுக்கு லி, ஹித் விகுதிகள், சொல்லிலுள்ள உயிர்களுக்கேற்ப நான்கு நான்கு வடிவங்களில். பஷ்கிர் வீடுகளில் தேநீர் பெரும்பாலும் ஹொத்லொ ஸேய், பால் சேர்த்த தேநீர். சர்க்கரை வேண்டாமென்றால் ஷேக்கேர்ஹெத் என்று கேட்கலாம், கடைசி த் மென்மையாக. அந்த ஷேக்கேரும் நம் சர்க்கரையும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து கிளைத்தவை. நேற்றைய, இன்றைய என்பதுபோல் காலத்திலிருந்து பெயரடை வர கெ, கி சேரும்: கிஸே (நேற்று), கிஸேகெ. இடத்துக்கும் அதே முறை: ஒய்தே (வீட்டில்), ஒய்தேகெ (வீட்டிலுள்ள).

பழைய என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள். பொருளுக்கு இஸ்கெ, வயதான மனிதருக்கு கர்த், தொன்மைக்கு பொரொன்கொ.

தாத்தார் மொழி அகராதியை வைத்துப் பஷ்கிர் எழுதுவதும் பரவலாக நடக்கும் பிழை. இரண்டும் நெருங்கிய மொழிகள், அதனாலேயே ஆபத்து. தாத்தாரில் மஞ்சள் ஸரி, பஷ்கிரில் ஹரி. தாத்தாரில் புதிய என்பது யஙா, பஷ்கிரில் யஙி. பஷ்கிரின் தனி எழுத்துகளுக்குப் பதிலாக ரஷ்ய விசைப்பலகையில் வாலில்லாத எழுத்துகளைத் தட்டினால் 'துர்' தாத்தார்ச் சொல்லாகவே ஆகிவிடும். விண்டோஸில் பஷ்கிர் விசைப்பலகை தனியாக உண்டு, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயனிலையாக வரும்போது பெயரடையே இட விகுதி ஏற்கும். மின் யேஷ்மென் (நான் இளையவன்), ஹின் யேஷ்ஹெங் (நீ இளையவன்), உல் யேஷ் (அவன் இளையவன், படர்க்கையில் விகுதியில்லை). பாடநூல்கள் இதற்கு அட்டவணை போடும். நமக்குச் சிறியேன், எளியேன் என்ற சொற்கள் போதும், அதே குறிப்பு வினைமுற்று. எதிர்மறையில் விகுதி பெயரடையை விட்டு 'துகெல்' மேல் ஏறும்: மின் யேஷ் துகெல்மென். பழந்தமிழில் அல்லேன் என்று சொன்னது போல. 'யேஷ்மென் துகெல்' என்று எழுதினால் விகுதி தவறான இடத்தில் நிற்கிறது என்று பொருள்.