இலங்கையில் மாகாண எல்லையை மாற்றும் வழி எது?

பளைக்காரர் ஒருவர் கச்சேரி (மாவட்டச் செயலக) அலுவலுக்குக் கிளிநொச்சிக்குப் போகவேண்டும். பாராளுமன்றத் தேர்தலிலோ அவருடைய வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படும். நிருவாக மாவட்டம், தேர்தல் மாவட்டம், மாகாணம் என்பன மூன்று தனித்தனிக் கோடுகள். ஒன்றை மாற்றும் விதி மற்றதற்குப் பொருந்தாது.

இவற்றில் இளகியது நிருவாக மாவட்டம். அரசியலமைப்பின் 5 ஆவது உறுப்புரைப்படி பாராளுமன்றத் தீர்மானம் ஒன்றினாலேயே மாவட்டங்களைப் பிரிக்கலாம், சேர்க்கலாம். கிளிநொச்சியையும் சேர்த்து 25 மாவட்டங்கள் என்று எழுதியது 1983 இன் 7 ஆவது திருத்தம்.

மாகாணம் அப்படியல்ல. ஒன்பது மாகாணங்களும் ஆங்கிலேயர் கீறியவை. 1833 இல் ஐந்தாக இருந்து 1889 இல் ஒன்பதாயின. இடையில் 1873 இல் நுவரகலாவிய (அநுராதபுரப் பகுதி) வட மாகாணத்திலிருந்து கழன்று வடமத்தியாயிற்று. அன்று ஆளுநரின் பேனா போதும். இன்று அந்த ஒன்பது பெயர்களும் அரசியலமைப்பின் 8 ஆவது அட்டவணையில் இருப்பதால், பத்தாவது பெயர் சேர்க்க பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு, அதாவது 225 பேரில் 150 பேரின் வாக்கு வேண்டும். இந்தியாவில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். மாநில சட்டசபையிடம் கருத்துக் கேட்டால் சரி. ஆந்திர சட்டசபை நிராகரித்த பின்னும் 2014 இல் தெலங்கானா பிறந்தது அதனால்தான்.

இருக்கும் மாகாணங்களை இணைக்க மட்டும் எளிய வழி உண்டு. அடுத்தடுத்த இரண்டு அல்லது மூன்று மாகாணங்களை ஒரே மாகாண சபையின் கீழ்க் கொண்டுவரச் சாதாரணச் சட்டம் இயற்றலாம் என்கிறது அரசியலமைப்பின் 154அ(3) ஆவது உறுப்புரை. அதன்படி வந்த 1987 இன் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், 37 ஆம் பிரிவில் ஒரு பூட்டும் போட்டது: ஆயுதக் குழுக்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் ஓய்ந்ததெனத் திருப்திப்பட்டாலன்றி ஜனாதிபதி இணைப்பைப் பிரகடனம் செய்யமுடியாது.

1988 செப்டெம்பரில் மோதல் ஓயவில்லை. அப்போது நிபந்தனையை ஜனாதிபதி ஆக்கும் அவசரகாலச் சட்டவிதியால் தளர்த்தி வடக்கையும் கிழக்கையும் இணைத்தார்கள். பிழை இங்கேதான். பாராளுமன்றம் போட்ட பூட்டைப் பாராளுமன்றத்திலேயே திறந்திருக்கவேண்டும். அதற்குச் சாதாரணத் திருத்தச் சட்டம் ஒன்று போதுமாயிருந்தது. இணைப்பு நீடிக்கவேண்டுமா என்று கிழக்கில் கேட்கவிருந்த வாக்கெடுப்பும் ஆண்டாண்டாகப் பிற்போடப்பட்டது. 2006 ஒக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் பிரகடனம் செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் வேறாயின.

தீர்ப்பு விழுத்தியது அந்தப் பிரகடனத்தை. 154அ(3) இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது.